எண் பெற்ற நோயும் எழுதப்படாத இறப்பும்

மேல்மலையனூர் என்றதும் மாசி அமாவாசையின் மயானக் கொள்ளையே நம் நினைவுக்கு வரும். சுடுகாட்டையே வழிபாட்டுக் களமாகக் கொண்ட மரபு அது. சுடுகாட்டுக்கு வந்தவர் எந்நோயால் வந்தார் என்று ஏட்டில் எழுதிவைப்பது வேறொரு மரபு. அதன் பிந்திய கிளையே, இன்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பட்டதாரிகள் பலர் சென்னை சென்று பார்க்கும் ‘மெடிக்கல் கோடிங்’ வேலை.

லண்டன் நகரின் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிரான்ட் 1662-இல் நூல் வெளியிட்டார். 1893-இல் பிரெஞ்சுக்காரர் ழாக் பெர்த்தியோன், எல்லா நாடுகளுக்கும் பொதுவான இறப்புக் காரணப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். 1948-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதன் ஆறாம் திருத்தத்தை ஏற்றபோது, உயிரோடிருப்பவரின் நோய்களும் அதில் இடம்பெற்றன. இறந்தவருக்காகத் தோன்றிய ஏடு நோயாளிக்கும் உரியதாயிற்று.

இவ்வேட்டில் ஒரு நோய் இடம்பெற்ற கதை சிந்திக்கத்தக்கது. கால் நரம்பில் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைக்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ருடால்ஃப் விர்ச்சோ விளக்கினார். மருந்தால் பெரும்பாலான கட்டிகள் சில மாதங்களில் கரைந்துவிடும். சில கரையாமல் தழும்பாகித் தமனிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் நுரையீரலில் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் தளரும். மூச்சிரைப்பை ஆஸ்துமா என்றோ வயோதிகம் என்றோ எண்ணி ஆண்டுகள் கழிவதும் உண்டு.

அமெரிக்காவில் வழங்கிய ஒன்பதாம் திருத்தப் பட்டியலில் இந்த நாள்பட்ட நிலைக்கெனத் தனி எண் இருக்கவில்லை. நுரையீரல் அடைப்புக்குரிய 415.1 என்ற எண்ணோ, ‘திடீர்’ நோய்களின் தலைப்பின்கீழ் இருந்தது. 2009 அக்டோபர் 1 முதல் 416.2 என்ற எண் வழங்கப்பட்டு, இந்நோய் ‘நாள்பட்ட’ நோய்களின் வரிசைக்குக் குடிபெயர்ந்தது. 2015-இல் பத்தாம் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது அது ஐ27.82 ஆயிற்று. கட்டியால் விளையும் நுரையீரல் மிகை அழுத்தத்துக்கு 2017-இல் ஐ27.24 என்ற தனி எண் கிடைத்தது.

எண் இருந்தால் மட்டும் போதாது; மருத்துவர் எழுதவும் வேண்டும். புதிய கட்டிக்கு ஐ26, நாள்பட்டதற்கு ஐ27.82, வந்து குணமானதற்கு இசட்86.711 என மூன்று நிலைகள் உள்ளன. நோயாளி உறைவுத் தடுப்பு மாத்திரை உண்கிறார் என்ற குறிப்பு, இம்மூன்றில் எது என்பதைச் சொல்லாது. கட்டி இன்னும் இருக்கலாம். மீண்டும் வராதிருக்கவும் மாத்திரை தரப்பட்டிருக்கலாம். எத்தனை நாள் கடந்தால் ‘நாள்பட்டது’ என்று அவ்வெண்ணும் வரையறுக்கவில்லை. கோடர் தாமாக ஊகித்து எழுதக்கூடாது என்பது விதி. ஐயமிருப்பின் மருத்துவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். இதை வெறும் கணக்குத் தகராறு என்று ஒதுக்கவியலாது. தழும்பாகிவிட்ட கட்டியை அறுவை மூலம் அகற்ற வழியுண்டு. நோய் இன்னதென்று பிரித்தறியப்பட்டவருக்கே அவ்வழி திறக்கும்.

இனி நம் பக்கம் திரும்புவோம். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இலேயே வந்தது. 1969-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், இறுதி நோயில் சிகிச்சையளித்த மருத்துவர் இறப்பின் காரணத்தைச் சான்றளிக்க வழிவகுத்தது. எனினும் 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவச் சான்று இருந்தது. இதயம் நின்றது என்பது இறந்த விதமேயன்றிக் காரணமன்று என்று சான்றிதழ்ப் படிவமே எச்சரிக்கிறது. ஆயினும் ‘மாரடைப்பு’, ‘மூச்சுத்திணறல்’ என்ற சொற்களோடு நம் வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது.

கடல் கடந்த நோயாளியின் கட்டி பழையதா, புதியதா என்று நம் மாணவர்கள் இரவு விழித்து ஆராய்கிறார்கள். அந்தக் கேள்வியை நம் ஊர்ப் பாட்டியின் மூச்சிரைப்பைக் குறித்தும் எவரேனும் கேட்டிருந்தால், அவர் சிலவாண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருக்கக்கூடும். கேட்கும் திறன் நம்மிடம் உண்டு. நம் இறப்புகளும் எழுதத்தக்கவை என்ற எண்ணமே இன்னும் வேரூன்றவில்லை.