தென்வானத்து மீனும் அதன் காற்றும்

1871 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆம் நாள் காலை, முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் ஈழத்தின் வடபகுதியையும் கடந்து சென்றது. அதனை ஆராய நோர்மன் லொக்கியரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து வந்த குழுவினர் பல ஊர்களில் பிரிந்து நின்றனர். திருகோணமலைக்கு வந்தவர் ஹென்றி நொட்டிஜ் மோஸ்லி. புதுக்கோட்டையில் நின்றவர் இத்தாலிய வானநூலறிஞர் லொரன்சோ ரெஸ்பிகி. ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் காட்டும் கருவியே இருவருக்கும் துணை.

மோஸ்லி இயற்கை நூல் வல்லார். அடுத்த ஆண்டே சலஞ்சர் என்னும் கப்பலில் கடலாராய்ச்சிக்குப் புறப்பட்டுவிட்டார். மூலகங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய அணுவெண்ணை 1913 இல் கதிர்களால் அளந்து நிலைநாட்டி, இரண்டே ஆண்டுகளில் கலிப்போலிப் போரில் மாண்ட இளைஞர் இவருடைய மகனே.

ரெஸ்பிகியோ கிரகணத்தோடு நின்றாரில்லை. அந்த இந்தியப் பயணத்தின்போதே காமா வேலோரம் என்னும் தென்வானத்து விண்மீனின் நிறமாலையையும் நோக்கினார். பிற மீன்களின் நிறமாலையில் கரிய கோடுகள் காணப்படும்; இதிலோ அகன்ற ஒளிக்கோடுகள் விளங்கின. இத்தகைய மீன்கள் மூன்றை 1867 இல் வுல்ஃப், ராயே என்னும் இருவர் பாரிஸ் நகரிலிருந்து கண்டிருந்தனர். எனினும் இவ்வினத்துள் மிகுந்த ஒளியுடையது காமா வேலோரமே. பங்குனி மாதத்து முன்னிரவில் திருகோணமலையில் நின்று மூதூர்ப் பக்கம் நோக்கினால், அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 34 பாகை உயரத்தில் அதனை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

அக்கோடுகள் அகன்றிருப்பது ஏன்? மீனிலிருந்து வாயு எத்திசையிலும் பெருவேகத்தோடு வெளியேறுவதே காரணம் என்று 1929 இல் கனடாவின் பீல்ஸ் கூறினார். காமா வேலோரத்தின் காற்று வினாடிக்கு ஏறக்குறைய 1500 கிலோமீற்றர் விரைகிறது. வாடையும் கச்சானும் அறிந்த துறைமுகத்தாருக்கும் இது எண்ணத்துக்கு எட்டாத வேகமே.

இக்காற்றைத் தள்ளுவது எது? ஒளியே. ஒளிக்கும் தள்ளும் ஆற்றல் உண்டு. 1965 இல் வானில் ஏவப்பட்ட ரொக்கட் ஒன்று, திருவாதிரைக்கு அருகே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களின் புறவூதா ஒளியைப் பதிவு செய்தது. அவற்றிலும் வினாடிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகமுடைய காற்று வீசுவதை மோர்ட்டன் கண்டார். அதன் இயக்கத்தை 1970 இல் லூசி, சொலமன் ஆகியோரும், 1975 இல் காஸ்டர், அபட், கிளைன் ஆகியோரும் கணக்கிட்டு விளக்கினர்.

வியப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு மீனின் பெரும்பகுதி ஐதரசனும் ஈலியமும் ஆகும். சூரியனில் பிற மூலகங்கள் எல்லாம் சேர்ந்தும் நூற்றுக்கு இரண்டு பங்கை எட்டா. ஆயினும் காற்றை எழுப்புவது அச்சிறு பங்கே. கடும் வெப்பத்தில் ஐதரசன் தன் ஒரே இலத்திரனையும் இழந்து, ஒளியைப் பற்றும் ஆற்றல் குன்றி நிற்கிறது. இரும்போ பல இலத்திரன்களை இழந்தபின்னும் சிலவற்றை வைத்திருக்கும். ஆயிரக்கணக்கான நிறங்களில் ஒளியை ஏற்கும். படகு ஐதரசன் என்றால் பாய் இரும்பு எனலாம். பாய் சிறிதே எனினும் படகு முழுவதையும் இழுத்துச் செல்கிறது.

அவ்வாறாயின் இரும்பு குறைந்த இடத்தில் காற்றும் தளரவேண்டும். இதனைச் சோதிக்க இயற்கையே இரு களங்களை அமைத்திருக்கிறது: தென்வானத்து மகெல்லன் முகில்கள். சிறிய முகிலில் பார மூலகங்கள் சூரியனிடத்து உள்ளவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. அங்கே காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும் என்பது 2001 இல் விங்க் முதலானோர் செய்த கணக்கு. பின்னர் அம்முகில்களின் மீன்களை நோக்கியவர்களும் இதற்கு இசைவான முடிவையே கண்டனர்.

இவ்வேறுபாடு மீனின் முடிவையே மாற்றவல்லது. பலத்த காற்றுடைய மீன் தன் உடலைத் தானே இறைத்துவிடுகிறது. காற்றுக் குறைந்ததோ பாரத்தோடு இறுதிவரை நின்று பெரிய கருந்துளையாகலாம். 2015 செப்டெம்பர் 14 இல் ஈர்ப்பலைகளால் முதன்முதல் அறியப்பட்ட இரு கருந்துளைகள் ஏறத்தாழ 36, 29 சூரியன்களின் நிறையுடையன. இத்துணைப் பெரியவை பார மூலகங்கள் அருகிய சூழலில் பிறந்திருத்தல் வேண்டும் என்று ஆய்வாளர் உரைத்தனர்.