நிலத்தடி நீரின் பெயரால்: இலங்கையில் கட்டாய ஜனாஸா எரிப்பு

கொவிட் 19 தொற்றால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் 11 அன்று இலங்கையின் வர்த்தமானியில் வெளியானது. 2021 பெப்ரவரி இறுதி வரை அது நடைமுறையில் இருந்தது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்து பரவும் என்பதே சொல்லப்பட்ட முக்கிய காரணம். விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்பட்ட அந்தக் காரணத்துக்கு விஞ்ஞானச் சான்று எதுவும் இருக்கவில்லை.

மதுரங்குளிப் பகுதியின் கனமூலை போன்ற புத்தளம் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒருவர் இறந்தால், மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு, ஜனாஸாத் தொழுகை முடித்து, தாமதமின்றி மையவாடியில் கப்று (புதைகுழி) தோண்டி அடக்குவார்கள். இதே கரையில் மணலில் தோண்டிய கிணறுகளை நம்பியும் மக்கள் வாழ்கிறார்கள். கிணற்றையும் கப்றையும் ஒன்றுக்கொன்று பகையாக்கிய வாதம் இந்த ஊர்களை இரு பக்கமும் தொட்டது.

நாட்டின் முதல் கொவிட் மரணம் 2020 மார்ச் 28 அன்று பதிவானது. இறந்தவர் புத்தளம் மாவட்டத்தின் மாரவிலவைச் சேர்ந்தவர். இரண்டு நாட்களின் பின் நீர்கொழும்பில் ஒரு முஸ்லிம் இறந்தார். அவரது உடல் எரிக்கப்பட்டது. அன்றிருந்த சுகாதார அமைச்சின் வழிகாட்டல் அடக்கம் செய்யவும் இடம் கொடுத்திருந்தது. எரிப்பு மட்டுமே என்று அது திருத்தப்பட்டது மறுநாள்தான். புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 24 அன்றே தெரிவித்திருந்தது.

நீர் வாதத்தைச் சோதித்துப் பார்ப்பது கடினமாக இருக்கவில்லை. வைரஸ் உயிருள்ள கலங்களுக்குள் மட்டுமே பெருகும். இறந்த உடலில் அது பெருகாது. கொவிட் வைரஸைச் சுற்றியுள்ள கொழுப்புறை சவர்க்காரத்துக்கே சிதைந்துவிடும். அது பரவியதும் சுவாச வழியாகத்தான். இவற்றையெல்லாம் விட எளிய கேள்வி ஒன்று உண்டு. நோயாளிகளின் மலத்தில் இந்த வைரஸின் மரபுக்கூறுகள் இருப்பது 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அறியப்பட்டது. புத்தளம் போன்ற மணற்பாங்கான கரையில் வீட்டு மலக்குழி ஒருபுறம், கிணறு மறுபுறம். வைரஸ் நிலத்தடி நீர் வழியே மனிதரைத் தொற்றுமென்றால் முதலில் அஞ்ச வேண்டியது மலசலகூடங்களுக்குத்தான். அவற்றை யாரும் தடைசெய்யவில்லை. தடைசெய்யத் தேவையும் இருக்கவில்லை. கப்றுக்கு மட்டும் வேறொரு விஞ்ஞானம் பேசப்பட்டது. அதே கரையில் உள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் கிணறுகளில் உண்மையில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவரும் மாசு, தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று.

ஆனாலும் வாதம் எடுபட்டது. முஸ்லிம்களைப் பற்றிய மருத்துவப் பொய்களுக்கு அதற்கு முன்பே களம் தயாராகியிருந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் கிடந்த கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்து மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்த காணொளி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் எங்குமே இல்லை. 2019 மே மாதத்தில், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு சிசேரியன் பிரசவங்களில் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று சிங்கள நாளிதழ் ஒன்று முதற்பக்கத்தில் எழுதியது. சிசேரியன் சத்திரசிகிச்சை மயக்க மருந்து வைத்தியரும் தாதியரும் சூழ நிற்க நடப்பது. கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதைச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தே கண்டறியலாம். விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதையும் காணவில்லை.

எரிப்பு விதிக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மை முடிவின்படி விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது, காரணம் கூறவில்லை. டிசம்பர் 9 அன்று, பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையின் உடல் பொரளை மயானத்தில் எரிக்கப்பட்டது. பெற்றோர் சம்மதித்திருக்கவில்லை. அடுத்த நாட்களில் மக்கள் அந்த மயானத்தின் வேலிக்கம்பிகளில் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகளை முடிந்தார்கள். அவை இரவோடிரவாக அகற்றப்பட்ட பிறகும், மதம் பாராமல் வேறு பலர் தங்கள் வீட்டு வாசல்களில் கட்டினார்கள்.

அறிவுத்துறை இந்த நேரத்தில் வாய் திறந்தது, பிந்தித்தான் என்றாலும். டிசம்பர் இறுதியில் சமூக மருத்துவர் கல்லூரியும், 2021 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவ சங்கமும், அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று அறிவித்தன. சுகாதார அமைச்சு நியமித்த புதிய நிபுணர் குழுவும் அதையே பரிந்துரைத்தது. அதன் பிறகும் எரிப்பு தொடர்ந்தது. பெப்ரவரி 10 அன்று பிரதமர் பாராளுமன்றத்தில் அனுமதி உண்டென்றார். வர்த்தமானி மாறியது மாத இறுதியில், பாகிஸ்தான் பிரதமரின் வருகையை ஒட்டி. அடக்கத்துக்கு முதலில் குறிக்கப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. அங்குள்ள மக்கள் எதிர்த்தனர். மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. புத்தளத்தில் இறந்தவரையும் மேற்குக் கரையிலிருந்து கிழக்கே அங்குதான் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஓராண்டில் 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே அடக்கப்பட்டன.

இலங்கையின் நீர்நிலைகளைச் சோதித்த ஆய்வுகள், வைரஸ் நீரில் சேர்வது முக்கியமாக மனிதக் கழிவுகளால்தான், பாதுகாப்பான அடக்கத்தால் அல்ல என்று முடிவுசெய்தன. அவற்றை ஏற்று 2024 ஜூலையில் அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரியது. அரசாங்கக் கணக்கின்படி அதற்குள் எரிக்கப்பட்டிருந்த முஸ்லிம்கள் 276 பேர். சான்றைக் கேட்டுவிட்டுச் சட்டம் இயற்றியிருந்தால் இவர்களில் பெரும்பாலோர் எரிக்கப்பட்டிருக்க மாட்டார்கள்.