பத்துப் பேருக்கு மேல் இடமில்லை

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்வது சுலபம். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தாலும், மடை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வயலுக்குப் பாயும். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு மடை இருந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு சாவகாசமாகப் படித்தபோதுதான் அதன் முழுக் கதையும் பிடிபட்டது. நம் பிள்ளைகள் பலருக்கும் இது தெரியாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

கதை 1996-ல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் விஎஸ்என்எல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அமெரிக்காவிலோ அப்போதே யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு வெப் சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் என்டி 4.0 என்ற புதிய இயங்குதளத்தை வெளியிடத் தயாரானது. அதில் இரண்டு வகை. மேஜைக் கம்ப்யூட்டருக்கு ‘வொர்க்ஸ்டேஷன்’, விலை சுமார் 300 டாலர். பலருக்கும் சேவை செய்ய ‘சர்வர்’, விலை சுமார் 1,000 டாலர்.

வொர்க்ஸ்டேஷனின் சோதனைப் பதிப்பில் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் பத்து வெவ்வேறு முகவரிகளிலிருந்து மட்டுமே ஆட்கள் உள்ளே வரலாம். பதினோராவது ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். டிம் ஓரெய்லி என்ற பதிப்பாளர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய நிறுவனம் வொர்க்ஸ்டேஷனில் ஓடக்கூடிய வெப் சர்வர் மென்பொருள் ஒன்றை விற்றுவந்தது. அவர் வயிற்றிலேயே கை வைத்த மாதிரி ஆயிற்று. எதிர்ப்பு வலுத்ததும் மைக்ரோசாப்ட் பூட்டை எடுத்துவிட்டது. ஆனால் அதே பத்து என்ற கணக்கை உரிமப் பத்திரத்தில் எழுதி வைத்தது.

இரண்டு வகைக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் உண்டு, ஒன்று மேஜை வேலைக்கும் மற்றது சர்வர் வேலைக்கும் செதுக்கப்பட்டவை என்பது கம்பெனியின் வாதம். ஆண்ட்ரூ ஷுல்மன், மார்க் ருசினோவிச் போன்ற வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அடிப்படை நிரல் ஒன்றேதான், சில அமைப்புகளை வைத்துத்தான் தன்னை வொர்க்ஸ்டேஷனா சர்வரா என்று அது முடிவு செய்துகொள்கிறது என்று கண்டார்கள். கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பத்துப் பேருக்கு உழைக்கும் சரக்கையும் ஆயிரம் பேருக்கு உழைக்கும் சரக்கையும் ஒரே விலைக்குக் கொடு என்றால் எந்த வியாபாரிக்குத்தான் மனசு வரும்?

இந்தப் பத்து நம்ம ஊர் வரைக்கும் வந்தது. 2003 வாக்கில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்வி நிறுவனத்தின் அலுவலகத்தில் நான் இருந்தேன். மாணவர்கள் சிலர் வருகைப்பதிவு, உதவித்தொகை விவரங்களைப் பதிவு செய்ய ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதி, எக்ஸ்பி புரொபஷனல் போட்ட ஒரு சாதாரண கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். லேபில் உள்ள முப்பது கம்ப்யூட்டரிலிருந்தும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் திறந்தார்கள். ஐந்தாறு பேருக்குத் திறந்தது. மற்றவர்களுக்கு 403.9 என்று ஓர் எண். நிறையப் பேர் இணைந்திருக்கிறார்கள், பிறகு வா என்று அதற்கு அர்த்தம்.

பத்துப் பேருக்கு இடம் என்றால் ஐந்தாறு பேரோடு ஏன் நின்றது? எக்ஸ்பியில் இருந்த ஐஐஎஸ் 5.1 என்ற வெப் சர்வர் எண்ணியது ஆட்களை அல்ல, இணைப்புகளை. அந்தக் காலத்து பிரவுசர் ஒரு பக்கத்தைக் கொண்டுவர வழக்கமாக இரண்டு இணைப்புகளைத் திறக்கும். பக்கம் வந்த பிறகும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்து வைத்திருக்கும். ஐந்து பேர் வந்தாலே பத்து இடமும் நிரம்பிவிடும்.

அன்று கடைசி நாள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேருவது பாடு. மழையை நம்பிய மானாவாரிக் காட்டுக் குடும்பங்கள். உதவித்தொகை தவறினால் படிப்பே நின்றுபோகும். அந்தப் பிள்ளைகளை மட்டும் முதலில் உட்காரவைத்து, நாலு நாலு பேராகப் பதிவு செய்து அனுப்பினோம். மிச்சப் பேருக்குப் பழையபடி காகிதப் படிவம்.

அடுத்த வாரம், இணைப்பைப் பிடித்து வைக்கும் வசதியை ஒரு மாணவர் நிறுத்திப் பார்த்தார். கொஞ்சம் தேவலை. சர்வர் பதிப்பு வாங்க நிதி இல்லை. கடைசியில் லினக்ஸும் அப்பாச்சியும் போட்டார்கள். அப்பாச்சி 1996 ஏப்ரலிலேயே உலகில் அதிகம் பயன்படும் வெப் சர்வர் ஆகிவிட்டது. காசில்லாமல் கிடைத்தது. வழக்கமான அமைப்பிலேயே ஒரே நேரத்தில் 150 பேரைத் தாங்கும். ஏஎஸ்பியில் எழுதியதைப் பிஎச்பியில் மாற்றி எழுத மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் கம்ப்யூட்டர் என்னவோ அதே பழைய கம்ப்யூட்டர்தான்.

2007-ல் விஸ்டா கடைக்கு வந்தபோது மைக்ரோசாப்ட் முறையை மாற்றியது. ஒரே நேரத்தில் ஹோம் பிரீமியம் பதிப்பில் 3 கோரிக்கை, பிசினஸ் பதிப்பில் 10. கூடுதலாக வருவோரை விரட்டாமல் வரிசையில் நிறுத்தியது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் நம் ஊர்களில் முறை வைத்துப் பாய்ச்சுவது போலத்தான். தாமதமானாலும் எல்லாருக்கும் கிடைத்துவிடும். 2003-ல் எங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த வரிசைதான்.

இன்றைய விண்டோஸ் உரிமப் பத்திரத்திலும் ஓர் எண் உண்டு. 20 சாதனங்கள் வரை என்று போட்டிருக்கும். கடையிலோ சங்கத்திலோ பலரும் சேர்ந்து பயன்படுத்த ஒரு கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள், பத்திரம் எழுதும்போது நாற்புறமும் எல்லை பார்ப்பதுபோல, அந்த எண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.