கீழ்ப்பாக்கத்திலிருந்து 14416 வரை

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஏதாவது வரலாறு எழுதிக் கொடுடா" என்றதும், எனக்கு நம் கல்லூரிக் கட்டிடங்கள் நினைவுக்கு வரவில்லை. ஹாஸ்டலில் நாமெல்லாம் சர்வசாதாரணமாகச் சொன்ன ஒரு வசவுதான் நினைவுக்கு வந்தது. "போடா, கீழ்ப்பாக்கம் கேஸு!"

2009இல், மூன்றாம் ஆண்டில், என் அறை நண்பன் தூக்கத்தை இழந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்பான். காதல் தோல்வி என்று நாங்களே முடிவு கட்டினோம். அந்த வசவைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவன் அப்பா வந்து ஊருக்கு அழைத்துப் போனார். பரீட்சைக்குக்கூட அவன் திரும்பவில்லை.

வசவாகிப்போன அந்த இடத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் 1794லேயே தொடங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய மருத்துவமனை வந்தது. 1961இல் டாக்டர் சாரதா மேனன் அதன் முதல் பெண் கண்காணிப்பாளர் ஆனார். ஓய்வுக்குப் பிறகு 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆனால் நோயாளி மருத்துவரைத் தேடி வந்தால்தானே வைத்தியம்? 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்றது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில்.

இந்தத் தூரத்தைக் குறைக்க அமெரிக்காவில் இரண்டு வழிகள் பிறந்தன. 1959இல் நெப்ராஸ்காவில் மனநல மருத்துவர்கள் இருவழித் தொலைக்காட்சியைச் சிகிச்சைக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற மருத்துவரும், நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் அளவுக்குச் செவிலியர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கினார்கள். இன்று அங்கே அப்படிப் பயின்ற மனநலச் செவிலியர்கள் வீடியோவில் நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதுகிறார்கள்.

நம் பக்கம் முதலில் வந்தது வீடியோ. 2004 சுனாமிக்குப் பிறகு ஸ்கார்ஃப் அதைக் கையில் எடுத்தது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸையே கிளினிக் ஆக்கியது. டாக்டர் சென்னையில், திரையில், நோயாளி பஸ்ஸில், மருந்தும் பஸ்ஸிலேயே. நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்பதால், இதைப் பற்றிப் படித்தபோது முதலில் சிக்னல் எப்படிக் கிடைத்தது என்றுதான் யோசித்தேன். நோயாளியை வீட்டிலிருந்து பஸ் வரைக்கும் அழைத்து வந்தது யார் என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் என் நண்பனே. அந்த பஸ் அவன் ஊர்ப் பக்கம் வரவில்லை. 2013இல் அக்கா குழந்தைக்குத் தடுப்பூசி பற்றிச் சொல்ல வந்த கிராம சுகாதார செவிலியர், திண்ணை மூலையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்திருக்கிறார். "தம்பி எத்தனை நாளா இப்படி இருக்காரு?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மந்திரிப்பதிலேயே நாலு வருஷம் போயிருந்தது. அடுத்த வாரம் அவரே ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப் போனார். "அந்த நர்சம்மா மட்டும் கேட்கலைன்னா நான் இன்னும் அந்த மூலையிலதான்டா" என்கிறான். இன்று மளிகைக் கடை வைத்திருக்கிறான். மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை.

2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்களின்படி, மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே. ஆனால் நோயாளிக்காக மருத்துவரை அழைத்துப் பேசும் இடத்தில் செவிலியர் இருக்கலாம். துணை சுகாதார நிலையங்களில் இடைநிலைச் செவிலியர்கள் இ-சஞ்சீவனி வழியே இதைச் செய்கிறார்கள். 2022 அக்டோபர் 10இல் டெலி-மானஸ் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் முதலில் பேசுவது ஆலோசகர். தேவைப்பட்டால் மனநலச் செவிலியர், உளவியலாளர், மருத்துவர் என்று அழைப்பு மேலே போகும். நமக்கு நர்ஸ் என்றால் ஊசி போடுபவர். மனநோயைக் கண்டுகொள்ள அவர்களுக்கு இன்னும் அதிகப் பயிற்சியும், அதற்குரிய மரியாதையும் கொடுத்தால், பல குடும்பங்களில் அந்த நாலு வருஷம் மிச்சமாகும் என்பது என் எண்ணம்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்காமல் கிடந்தால், சிரிக்காதீர்கள், கேளுங்கள். 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

இதை எழுதலாமா என்று நண்பனிடம் கேட்டேன். "பேரைப் போடாதே, மத்ததெல்லாம் எழுது" என்றான். இந்த ஆண்டு சந்திப்புக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறான். நம்ம செட் பசங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கதை எல்லாம் பேசலாம். அந்த வசவு மட்டும் வேண்டாம்.