தளரும் முலையின் வரலாறு

"ரொம்ப நாளு பால் குடுக்காதடி, தொங்கிப்போயிடும்." பேறுகாலம் முடிந்த பெண்ணுக்குப் புதுச்சேரியில் இன்றும் சொல்லப்படும் புத்திமதி இது. சொல்பவர்களும் பெண்கள்தான். எண்ணெய், களிம்பு, இறுக்கிக் கட்டும் கச்சு என்று பரிகாரங்களும் கூடவே வந்துவிடும். குழந்தையைக் குற்றவாளியாக்கும் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

சந்தைதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலையில் அம்மனின் பெயரே உண்ணாமுலை. சீர்காழியில் சம்பந்தருக்குப் பால் தந்த உமையும் பொற்கிண்ணத்தில் கறந்துதான் கொடுத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். பிள்ளை வாய் படாத முலை தெய்வத்துக்கு. தளர்ந்த முலையோ மூதேவிக்கு. பல்லவர், சோழர் காலத்துச் சேட்டைச் சிலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலூட்டி முதிர்ந்த சாதாரண மனுஷிக்கு இந்த எதிர்வில் இடமே இல்லை.

இதை உள்ளிருந்து குலைத்தவர் ஒருவர் உண்டு. அவரும் நம் பிரதேசத்துக்காரரே. கணவன் விலகிப்போனதும் காரைக்கால் புனிதவதி, அவனுக்காகச் சுமந்த சதையழகு இனி எதற்கு என்று அதை உதறிப் பேயுருக் கேட்டார். அவருடைய மூத்த திருப்பதிகம் பெண்பேயின் வற்றிய முலையிலிருந்துதான் தொடங்குகிறது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள சோழர்காலச் செப்புத்திருமேனியில் அம்மையார் தளர்ந்த முலைகளோடு தாளமிட்டபடி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் விடுதலைக்கு அவர் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். பேயானால்தான் அந்த உடலோடு இருக்க முடிந்தது.

பிரெஞ்சுக்காரர்களிடம் வேறொரு கருவி இருந்தது. கோர்செட் முலையைக் கீழிருந்து தள்ளி நிறுத்தியது. 1889இல் எர்மினி கடோல் அதை இரண்டாக வெட்டி, மேல்பாதியைத் தோள்பட்டியில் தொங்கவிட்டார். பிராவின் மூதாதை அது. இடுப்புக்கு மூச்சு கிடைத்தது, முலைக்கு நிமிர்ந்தே இருக்கும் கடமை நீடித்தது. (தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் அடிபட்டு, 1859இல் பெற்ற தோள்சீலை உரிமையை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மறைத்துக்கொள்ளும் உரிமை வேறு, நிமிர்த்திக்காட்டும் கட்டளை வேறு.)

சரி, உடல் என்ன சொல்கிறது? முலைக்குள் தசையே கிடையாது. சுரப்பி, கொழுப்பு, தோல், இவற்றைப் பிணைக்கும் நார்கள், அவ்வளவுதான். 1840இல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கில மருத்துவர் அந்த நார்களை விவரித்தார். அவர் பெயரே அவற்றுக்கு நிலைத்துவிட்டது. வயதாக ஆக நாரும் தோலும் நெகிழ்கின்றன. மாதவிடாய் நின்றபின் சுரப்பி சுருங்கிக் கொழுப்பாகிறது. 2008இல் அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து வந்த ஆய்வு, முலை அறுவைக்காக வந்த தாய்மார் 93 பேரைக் கேட்டது. தளர்ச்சியோடு சேர்ந்து வந்தவை வயது, உடல் பருமன், கர்ப்பங்களின் எண்ணிக்கை, முலையின் முந்தைய அளவு, புகைப்பழக்கம். பாலூட்டியவர்களுக்கும் ஊட்டாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கர்ப்பத்தில் பெருத்து இளைக்கும் முலை, பால் கொடுக்காவிட்டாலும் தளரத்தான் செய்யும். பழி மட்டும் பிள்ளை மேல்.

இறுக்கிக் கட்டினால் தடுக்கலாமா? 2013இல் பிரான்சின் பெசான்சோனில் ழான்-தெனி ரூய்யோன் என்ற மருத்துவர், இளம் பெண்களுக்குப் பிராவால் பயனில்லை என்றார்; எல்லோருக்கும் இதைப் பொருத்தாதீர்கள் என்று அவரே எச்சரிக்கவும் செய்தார். கனத்த முலையின் வலிக்கும் ஓட்டத்துக்கும் பிரா உதவும். தளர்ச்சியைத் தடுக்கும் என்பதற்கு நிரூபணமில்லை. உடற்பயிற்சி முலைக்கு அடியிலுள்ள மார்புத் தசையை வலுவாக்கும், முலையை அல்ல. புகையை விடுவதும் எடை ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதும் ஓரளவு உதவலாம். களிம்புகளால் எதுவும் எழுவதில்லை. தூக்கி நிறுத்துவது அறுவை ஒன்றே. அதற்கும் தழும்புண்டு, பிறகு மறுபடி தளரும்.

எங்கள் தெருக் கிழவி ஒருத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். ஐந்து பிள்ளை வளர்த்தவள். "தொங்குனா தொங்கட்டும். கேக்குறவன் எவன்? அவன் போயி இருவது வருஷமாச்சு" என்றாள்.