மிளகுத்தண்ணீர் கடல் கடந்த வரலாறு

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து சூழ்ந்தோடும் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அரங்கநாதரைத் தொழச் செல்லும் நம்மவர், கோட்டை மதிலை ஒட்டி ஒரு நிலவறையையும் காண்பர். கர்னல் பெய்லியின் பெயரால் வழங்கும் சிறை அது. தமிழர் உணவு ஒன்று உலகப் புகழ் பெற்ற வரலாற்றில் ஹைதர் அலியின் சிறைகளுக்கும் பங்கு உண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், மைசூர்ப் படை கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. சிறைப்பட்ட ஆங்கிலேயர் பலர் ஹைதரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். பெய்லி 1782-இல் சிறையிலேயே உயிர் நீத்தார். உடன் சிறையிருந்த டேவிட் பெயர்டு 1784-இல் விடுதலை பெற்று, 1799 மே 4-ஆம் நாள் அதே கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார்.

கைதிகளில் வேறு சிலர் பெங்களூரில் அடைபட்டிருந்தனர். அவர்களுள் கப்பற்படையைச் சேர்ந்த ஒருவர் தம் விதியை நொந்து பாடிய பாட்டில், சிறையில் தமக்குக் கிடைத்த உணவாக மிளகுத்தண்ணீரையும் கஞ்சியையும் குறிப்பிட்டார். 'மல்லிகடானி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழஞ்சான்றாக, 1784-ஆம் ஆண்டுக்குரிய இப்பாட்டையே ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி காட்டுகிறது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த அவ்வகராதி, இச்சொல்லின் மூலம் தமிழே என்று தெளிவாகக் கூறுகிறது. சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு 'மல்' என்ற பட்டப்பெயர் வந்ததும் இவ்வுணவினால்தான்.

சிறையில் வெறுத்த உணவு பின்னர் சீமையில் விருந்தாயிற்று. ஆனால் உருவம் மாறிற்று. நாம் இரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து உண்கிறோம். ஆங்கிலேயர் விருந்திலோ முதலில் தனியே பருகுவதற்கு ஒரு சூப் வேண்டும். ஆகவே மிளகுநீர் கெட்டிப்பட்டது. 1845-இல் எலைசா ஆக்டன் வெளியிட்ட சமையல் நூலில் அது இறைச்சியும் வெங்காயமும் கறிப்பொடியும் சேர்ந்த பண்டமாகக் காணப்படுகிறது. உடன் சோறு வைக்கும் வழக்கம் மட்டும் விடுபடவில்லை.

புகழ் அதனோடு நிற்கவில்லை. 1963-இல் ஜெர்மன் தொலைக்காட்சி பதிவு செய்த 'டின்னர் ஃபார் ஒன்' என்னும் ஆங்கில நகைச்சுவை நாடகம் அந்நாட்டில் ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று ஒளிபரப்பாகிறது. அதில் பரிமாறப்படும் முதல் உணவு இந்தச் சூப்பே. அதனைக் கேட்டு நகைக்கும் இலட்சக்கணக்கானோருள் அது தமிழ்ச்சொல் என்று அறிந்தவர் எத்தனை பேர்?

வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளும் உணவு விடுதியின் பட்டியலில் அப்பெயரைக் கண்டு, ஆங்கிலேயர் நமக்குத் தந்த பண்டம் என்று எண்ணிவிடக்கூடும். மிளகு, தண்ணீர் என்ற இரு சொற்களையும் பிரித்துக் காட்டி, அன்றிரவே ஒரு குவளை மிளகு இரசமும் கொடுத்துவிட்டால், பெயரும் சுவையும் அவர்களிடத்தே மீண்டும் ஒன்றுசேரும்.