தடைப்பலகையும் வகுப்பறையும்: ஹெப்பர்ன் தம்பதியரின் ஜப்பான் பணி, 1859–1892

1858இல் கையெழுத்தான அமெரிக்க–ஜப்பான் வணிக உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, ஜப்பானில் தங்கும் அமெரிக்கர் தம் சமயத்தைக் கடைப்பிடிக்கலாம், வழிபாட்டிடம் கட்டிக்கொள்ளலாம் என்றது. அச்சமயத்தை ஜப்பானியருக்குப் போதிக்கலாம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கிறித்தவம் அங்கே தடைசெய்யப்பட்ட சமயம். தடையை அறிவிக்கும் மரப்பலகைகள் பொதுவிடங்களில் நின்றன. உடன்படிக்கைக்கு அடுத்த ஆண்டே புரொட்டஸ்டன்ட் மிஷனரிகள் வந்து இறங்கினர். வாய் திறந்து போதிக்க முடியாத ஊரில் ஒரு மிஷனரியின் அன்றாடம் எப்படி அமைந்தது? பிரஸ்பிட்டேரியன் சபை அனுப்பிய மருத்துவர் ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்ன், அவர் மனைவி க்ளாரா ஆகியோரின் 33 ஆண்டு வாழ்க்கையை வைத்து இக்கட்டுரை அதை ஆராய்கிறது. மருத்துவமும் ஆங்கில வகுப்பும் சமயப் பணிக்கு விரித்த வலை என்று சொல்வது எளிது. ஆனால் வகுப்பறை உருவானதற்குத் தடை ஒரு காரணம், அதில் வந்து அமர்ந்தவர்களின் தேவை மற்றொரு காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோயிலில் குடித்தனம்

1859 அக்டோபரில் கனகாவா வந்தபோது ஹெப்பர்னுக்கு வயது 44. சிங்கப்பூரிலும் சீனத்தின் அமோய் துறைமுகத்திலும் முன்பே பணியாற்றியவர். உடல்நலம் குன்றி நாடு திரும்பி, நியூயார்க்கில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தவர். பிள்ளைகளில் மூவரை இளம் வயதிலேயே பறிகொடுத்து, எஞ்சிய மகனை அமெரிக்காவில் விட்டுவிட்டே தம்பதியர் கப்பலேறினர்.

வாடகைக்குக் கிடைத்த இடம் ஜோபுட்சுஜி என்னும் பௌத்தக் கோயில். மண்டபத்தைத் தடுத்து அறைகளாக்கிக்கொண்டு குடியேறினர். சில நாட்களில் சாமுவேல் ராபின்ஸ் பிரவுன் என்ற போதகரும் அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தார். வெளிநாட்டார்மீது வாள் ஓங்கும் சாமுராய்கள் உலவிய காலம் அது. 1862 செப்டம்பரில் அருகிலுள்ள நமமுகியில் ஆங்கில வணிகர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். காயமடைந்த அவருடைய தோழர்களுக்குக் கட்டுப் போட்டவர் ஹெப்பர்ன்தான். அவ்வாண்டின் இறுதியில் குடும்பம் யோகோஹாமா வெளிநாட்டார் குடியிருப்பின் 39ஆம் எண் மனைக்கு மாறியது.

மருந்தகம்

1861இல் சோகோஜி என்ற மற்றொரு கோயிலில் இலவச மருந்தகம் திறந்தார். ஐந்து மாதங்களில் வந்த நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் 3,500. கண்நோய்க்காரர் அவர்களில் ஏராளம். கூட்டம் பெருகியதும் ஷோகன் அரசு அதை மூடவைத்தது. யோகோஹாமாவில் மீண்டும் திறந்தபோது நோயாளிகளோடு, அறுவைமுறையைக் கற்க விரும்பிய ஜப்பானிய இளைஞர்களும் வந்தனர். 1867இல் புகழ்பெற்ற கபுகி நடிகர் சவமுரா தனோசுகேயின் அழுகிய காலை அகற்றி, பின்னர் அமெரிக்காவிலிருந்து செயற்கைக் கால் வரவழைத்துப் பொருத்தியது நாடெங்கும் பேசப்பட்டது.

கற்றவர் யார், கற்பித்தவர் யார்?

மருந்தகம் அவருக்கு மொழிப்பள்ளியாகவும் அமைந்தது. ஜப்பானிய மொழி கற்க அவர் கைக்கு எட்டிய நூல்கள் இரண்டே: 1830இல் படேவியாவில் மெட்ஹர்ஸ்ட் வெளியிட்ட சிறு சொற்றொகுதி, இயேசு சபையார் 1603இல் நாகசாகியில் அச்சிட்ட ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதி. மற்றதெல்லாம் மனிதர் வாயிலிருந்து வரவேண்டியிருந்தது. தெருவில் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி 'இது என்ன?' என்று கேட்டுக் குறித்துக்கொள்வார் என்ற செய்தி இன்றும் யோகோஹாமாவில் வழங்குகிறது.

கண்நோய்க்கு மருந்து தேடி வந்த கிஷிதா கின்கோ என்ற எழுத்தாளர் அகராதிப் பணியில் அவருக்கு வலக்கையானார். 1866இல் இருவரும் ஷாங்காய் சென்றனர். அங்கிருந்த பிரஸ்பிட்டேரியன் மிஷன் அச்சகத்தில் கிஷிதாவின் கையெழுத்தை மாதிரியாகக் கொண்டு ஜப்பானிய எழுத்துருக்கள் வார்க்கப்பட்டன. 1867இல் 'வா-எய் கோரின் ஷூசெய்' வெளிவந்தது. 20,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட ஜப்பானிய–ஆங்கில அகராதி. ஹெப்பர்ன் கற்றுக்கொடுத்த கண்மருந்துச் செய்முறையை வைத்துக் கிஷிதா 'செய்கிசுய்' என்ற சொட்டுமருந்தை விற்றுப் பெருவணிகரானார். சொற்கள் ஒரு பக்கம் போக, மருந்து மறுபக்கம் வந்தது. இதில் ஆசிரியர் இன்னார், மாணவர் இன்னார் என்று பிரிக்க முடியாது.

வகுப்பு

1862இல் ஷோகன் அரசே ஒன்பது பேரை ஆங்கிலம் கற்க ஹெப்பர்னிடம் அனுப்பியது. பிற்காலத்தில் ஜப்பானின் நவீனப் படையமைப்புக்கு வித்திட்ட ஓமுரா மசுஜிரோ அவர்களில் ஒருவர். கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய ஹெப்பர்ன், கோளத் திரிகோணமிதிவரை அவர்கள் முன்பே அறிந்திருந்ததைக் கண்டு வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார்.

1863 முதல் 39ஆம் எண் வீட்டில் நடந்த வகுப்பை நடத்தியவர் பெரும்பாலும் க்ளாராதான். அங்கே எழுத்துக்கூட்டிப் படித்த சிறுவரில் ஹயாஷி தடாசு 1902இல் ஆங்கில–ஜப்பானிய உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். தகஹாஷி கோரெகியோ 1921இல் பிரதமரானார். வந்தவர்கள் தேடியது ஆங்கிலத்தை. அந்த ஆங்கிலம் அவர்களைத் தூதரகத்துக்கும் கருவூலத்துக்கும் கொண்டுசென்றது. நாகசாகியில் வெர்பெக் என்ற மிஷனரியிடம் புதிய ஏற்பாட்டோடு அமெரிக்க அரசியல் சட்டத்தையும் படித்த ஓகுமா ஷிகெனொபுவும் பின்னாளில் பிரதமரானார் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1870இல் க்ளாராவின் வகுப்பை ஏற்ற மேரி கிட்டர் அதைப் பெண்களுக்கான பள்ளியாக வளர்த்தார். இன்றைய ஃபெரிஸ் கல்வி நிறுவனத்தின் வேர் அதுவே.

பலகை இறங்கிய பின்

1868இல் ஷோகன் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பழைய தடையைப் புதிய பலகைகளில் மீண்டும் எழுதியது. மேலைநாடுகளின் நெருக்குதலால் 1873 பிப்ரவரியில் அவை அகற்றப்பட்டன. அதற்குள் ஹெப்பர்னும் பிரவுனும் ஜப்பானிய உதவியாளர்களோடு சேர்ந்து மாற்கு நற்செய்தியை மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தனர். தடைக்காலத்தில் சேர்த்த சொற்களே மொழிபெயர்ப்புக்கு முதலாயின. புதிய ஏற்பாடு 1880க்குள்ளும் பழைய ஏற்பாடு 1887இலும் நிறைவுற்றன. அகராதியின் 1886 மூன்றாம் பதிப்பு கையாண்ட உரோமன் எழுத்துமுறை இன்றும் 'ஹெபொன் முறை' என்று அவர் பெயரையே தாங்கி, ஜப்பானியரின் கடவுச்சீட்டுவரை வழங்குகிறது. அப்பதிப்பின் உரிமையை மருசென் நிறுவனத்துக்கு விற்றுக் கிடைத்த 2,000 டாலர், வீட்டு வகுப்பின் வழித்தோன்றலான மெய்ஜி ககுயினில் மாணவர் விடுதி எழுப்ப உதவியது. 1889இல் அக்கல்லூரியின் முதல் தலைவரான ஹெப்பர்ன், 1892இல் தாயகம் திரும்பி 1911இல் காலமானார்.

முடிவு

ஹெப்பர்ன் புறப்பட்ட ஏழாம் ஆண்டில், 1899 ஆகஸ்டில், ஜப்பானியக் கல்வி அமைச்சு பிறப்பித்த 12ஆம் ஆணை அரசு ஏற்புப் பெற்ற பள்ளிகளில் சமயக் கல்வியையும் சமயச் சடங்குகளையும் தடைசெய்தது. 1860களில் அரசு மிஷனரியிடம் கேட்டது ஏறக்குறைய இதைத்தான்: ஆங்கிலம் சொல்லிக்கொடு, சமயத்தைப் பேசாதே. அன்று ஹெப்பர்னுக்கு வேறு வழியில்லை. 1899இல் மெய்ஜி ககுயினுக்கு வழி இருந்தது. நடுநிலைப் பள்ளிக்கான அரசு ஏற்பையும் அதனால் மாணவருக்குக் கிடைத்த சலுகைகளையும் விட்டுக்கொடுத்து அது சமயக் கல்வியை வைத்துக்கொண்டது. தடையின் நிழலில் முளைத்த வகுப்பு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் விலை கொடுத்தேனும் தடையை மறுக்கும் அளவுக்கு ஊன்றி நின்றது. ஹெப்பர்ன் தம்பதியர் விட்டுச்சென்றதை அளக்க, சபையில் சேர்ந்தோரின் எண்ணிக்கையைவிட இந்த மறுப்பே ஏற்ற அளவுகோல்.